பழைய பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட கடிதங்கள்

புதிய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் போட்டோக்களைக் காப்பாற்றிவிடுகிறார்கள். இ-மெயில்தான் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு. ஊர் எதுவானாலும் கம்ப்யூட்டர் கடையில் நடப்பது ஒன்றுதான். கடைப் பையன் பழைய பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கேபிளில் மாட்டுகிறான். மை டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், போட்டோக்கள் எல்லாம் புதிய பெட்டிக்கு இடம் மாறுகின்றன. "எல்லாம் வந்துடுச்சு சார்" என்கிறான். வாடிக்கையாளரும் பேத்தியின் பிறந்தநாள் படங்களைப் பார்த்துத் திருப்தியோடு வீடு திரும்புகிறார். 2003இல் நியூஜெர்சியிலிருந்து மகன் எழுதிய கடிதத்தையோ, பூர்வீக வீட்டின் பாகப்பிரிவினை பற்றி அண்ணன் தம்பிகள் எழுதிக்கொண்டதையோ தேடும்போதுதான் விஷயம் புரிகிறது. அதற்குள் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பெட்டி எங்கோ உடைபட்டிருக்கும்.

இந்த விபத்துக்கு இப்போது வேகம் கூடியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் முறைப்படி விண்டோஸ் 11 ஏற்ற முடியாது. அது எதிர்பார்க்கிற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசஸரும் அவற்றில் இல்லை. ஆகவே பெட்டியையே மாற்றுகிறார்கள்.

மெயில் எல்லாம் இன்டர்நெட்டில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். ஜிமெயிலோடு வளர்ந்தவர்களுக்கு அது சரி. ஆனால் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்புத் தரத் தொடங்கியபோதும், அதற்குப் பின் பல வருடங்களும் கதையே வேறு. மோடம் கீச்சிட்டு, ஒருவழியாக லைன் கிடைத்ததும், வந்த கடிதங்களை அவசரமாக இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் டெலிபோன் பில் எகிறும். 'பாப்' என்ற அந்த முறையில், கடிதம் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்ததும் சர்வரில் இருந்த பிரதி வழக்கமாக அழிக்கப்பட்டுவிடும். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவது மாதிரிதான். அங்கேயே விட்டுவைக்க இடமும் கிடையாது. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996இல் தொடங்கிய ஹாட்மெயில், 2004 தொடக்கத்தில்கூட இலவசமாகத் தந்த இடம் 2 எம்பி மட்டுமே. அந்த வருடம் ஏப்ரல் 1 அன்று கூகுள் 1 ஜிபி தருவதாக அறிவித்தபோது, முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள்.

ஆக, அந்தக் காலத்துக் கடிதங்களுக்கு ஒரே பிரதிதான். அது உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில், பெரும்பாலும் கண்ணில் படாத மூலையில் இருக்கிறது. ஆடிட்டர்களும் சிறு கம்பெனிக்காரர்களும் இன்றும் பாப் முறையில் மெயில் பார்ப்பதுண்டு. அவர்கள் நிலைமையும் இதுதான்.

எந்த மூலை என்பது எந்தப் புரோகிராம் என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். அது ஒவ்வொரு ஃபோல்டரையும் 'டிபிஎக்ஸ்' என்று முடியும் ஒரு ஃபைலாக வைத்திருக்கும். அந்த ஃபைல்கள் இருக்கும் இடத்தை விண்டோஸ் சாதாரணமாகக் காட்டாது. கடைப் பையன் கோட்டை விடுவது இங்கேதான். 'டிபிஎக்ஸ்' என்று தேடி, மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டச் சொன்னால் அகப்படும். முகவரிகள் அதில் இல்லை. அவை 'டபிள்யுஏபி' என்ற தனி ஃபைலில் இருக்கின்றன. அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

ஆபீஸ்களில் ஓடுகிற அவுட்லுக் வேறு ஜாதி. அது எல்லாவற்றையும் 'பிஎஸ்டி' என்ற ஒரே மூட்டையாகக் கட்டிவைக்கும். 2002 பதிப்பு வரை அந்த மூட்டைக்கு 2 ஜிபி எல்லை. அதைத் தொட்டால் திறக்கவே மறுக்கும். பல பேர் அதே பெயரைப் போலிருக்கும் 'ஓஎஸ்டி' ஃபைலை காப்பி எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது சர்வரில் உள்ளதன் நிழல்தான். இன்னொரு கம்ப்யூட்டரில் அதை அப்படியே திறக்க முடியாது. பழைய பெட்டியில் அவுட்லுக்கைத் திறந்து, எக்ஸ்போர்ட் கொடுத்து, பிஎஸ்டியாக எடுப்பதே வழி.

நல்ல பிள்ளை தண்டர்பேர்ட். அதன் புரொஃபைல் என்ற ஃபோல்டரை முழுதாக எடுத்துப் புதிய பெட்டியில் வைத்தால் கடிதம், முகவரி, ஃபில்டர், பாஸ்வேர்டு எல்லாம் வந்துவிடும். காப்பி எடுக்கும்போது புரோகிராமை மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கடிதங்களை அது 'எம்பாக்ஸ்' என்ற பழைய பொதுவான வடிவத்தில் வைக்கிறது. வேறு பல புரோகிராம்களுக்கும் அது புரியும்.

செட்டிங்குகளைப் பற்றித்தான் மக்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். அது வீண் கவலை. எக்ஸ்பி காலத்து செட்டிங்குகள் அச்சுப் பிசகாமல் வந்து சேர்ந்தாலும் இன்று வேலைக்கு ஆகாது. 110, 25 என்றிருந்த போர்ட் எண்களின் இடத்தை 995, 587 பிடித்துவிட்டன. வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து வெளிப் புரோகிராம்கள் நுழைவதை, தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் கூகுள் 2022இல் நிறுத்தியது. புதிய பெட்டியில் கணக்கைப் புதிதாகவே தொடங்குங்கள். பத்து நிமிட வேலை. யூசர்நேம், சர்வர் பெயர், ஃபில்டர்கள் இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

கடிதங்களைக் கொண்டுசேர்க்க இன்னொரு வழியும் உண்டு. தண்டர்பேர்டிலோ அவுட்லுக்கிலோ ஜிமெயில் கணக்கை 'ஐமேப்' முறையில் இணைத்து, பழைய ஃபோல்டர்களை அதற்குள் இழுத்துவிடலாம். பிறகு எந்த பெட்டி வந்தாலும் போனாலும் கவலையில்லை. ஆனால் பொறுமை வேண்டும். இப்படி ஏற்ற கூகுள் ஒரு நாளைக்கு 500 எம்பி என்று வரம்பு வைத்திருக்கிறது. 4 ஜிபி இருந்தால் ஒரு வாரத்துக்கும் மேல் ஓடும். இலவசக் கணக்கின் 15 ஜிபியில் போட்டோக்களும் பங்கு கேட்கும். குடும்ப ரகசியங்களை அமெரிக்க கம்பெனியிடம் ஒப்படைக்க மனம் வராதவர்கள் இரண்டு டிஸ்க்குகளில் எடுத்து, இரண்டு வீட்டில் வைக்கலாம்.

தமிழில் எழுதிக்கொண்டவர்களுக்குக் கூடுதல் சோதனை. யூனிகோட் பரவுவதற்கு முன் டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் இரண்டையும் சிபாரிசு செய்தது. டிஸ்கிக்காரர்கள் தங்கள் வழியிலேயே போனார்கள். அப்பா எழுதிய கடிதம் புதிய பெட்டியில் ஐரோப்பிய எழுத்துகளும் கொம்புகளும் புள்ளிகளுமாகத் தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று பதறி அழித்துவிடாதீர்கள். கடிதம் பத்திரமாகத்தான் இருக்கிறது, எழுத்துரு மட்டும்தான் வரவில்லை. பழைய பெட்டியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் கையோடு எடுத்து வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகளும் இருக்கின்றன. மாற்றியதைத் தனிப் பிரதியாக வைத்து, மூலத்தைத் தொடாமல் விடுவது உத்தமம்.

மூலத்துக்கு கோர்ட்டிலும் மதிப்பு உண்டு. மின்னணு ஆவணத்தின் பிரதியைச் சாட்சியமாகத் தருவதற்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவும் அதைக் கேட்கிறது. சொத்துத் தகராறில் கடிதத்தின் வாசகத்தை மட்டும் வேர்டில் ஒட்டி வைத்திருப்பவர் திணறுவார். எந்த சர்வர் வழியாக, எந்த நேரத்தில் வந்தது என்று சொல்கிற தலைப்பு வரிகளோடு முழு மெயிலும் இருந்தால்தான் வக்கீலுக்குப் பிடி கிடைக்கும்.

புதிய பெட்டியில் மிகப் பழைய கடிதம் ஒன்றையும், இணைப்போடு வந்த கடிதம் ஒன்றையும் திறந்து பாருங்கள். இரண்டும் திறந்தால் பழைய பெட்டிக்கு விடை கொடுக்கலாம். அதற்கும் ஒரு மாதம் போகட்டும். கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் குயிக் ஃபார்மட்டால் அதில் உள்ளது அழியாது. விவரம் தெரிந்தவர் கையில் கிடைத்தால் அந்தப் பாகப்பிரிவினைக் கடிதங்களை அவரும் படிக்கலாம்.