காய்ச்சல் போன பிறகு வரும் நெஞ்சு வலி

தாசேக் கெலுகோரில் இருபது வயதுப் பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வீட்டில் முதலில் கேட்கும் சொல் 'அங்கின்'. காற்றுப் பிடித்திருக்கிறது என்று பாட்டி தைலம் தேய்ப்பார். அம்மா கேஸ்ட்ரிக் மாத்திரையைத் தேடுவார். மாரடைப்பு யாருக்கும் நினைவுக்கு வராது, அது அப்பா வயதுக்காரர்களின் நோய். பல நேரம் பாட்டி சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் பத்து நாளைக்கு முன் அவனுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தால் இன்னொன்றையும் நினைத்தாக வேண்டும். அதன் பெயர் இதயத் தசை அழற்சி.

மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது. தசை அழற்சியில் குழாய்கள் நன்றாகவே இருக்கும். தசைதான் வீங்கிப் புண்படுகிறது. பெரும்பாலும் தொடக்கி வைப்பது வைரஸ். அவற்றில் பெயர்பெற்றது காக்ஸாக்கி பி. நம் தாடிகாக்களை அவ்வப்போது மூட வைக்கும் கை, கால், வாய் நோய்க் கிருமிகளுக்கு நெருங்கிய சொந்தம் அது.

வைரஸ் போய்விட்டால் நோயும் போக வேண்டும் அல்லவா? சிலருக்குப் போவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் நோயல் ரோஸின் குழு இதை எலிகளில் பார்த்தது. காக்ஸாக்கி பி வைரஸைச் செலுத்தியதும் எலிகளின் இதயம் வீங்கியது. சுமார் இரண்டு வாரத்துக்குள் வைரஸ் ஒழிந்து பல எலிகள் தேறிவிட்டன. குறிப்பிட்ட சில வகை எலிகளுக்கு மட்டும் வைரஸ் போன பிறகும் அழற்சி நீடித்தது. அவற்றின் ரத்தத்தில் சொந்த இதயத்தின் மயோசின் என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. 1987இல் அந்தக் குழு வைரஸைத் தொடாமல், எதிர்ப்பாற்றலைக் கிளறும் ஒரு துணைப்பொருளோடு சுத்திகரித்த இதய மயோசினை மட்டும் ஊசி வழியே செலுத்தியது. அப்போதும் அதே நோய் வந்தது. கிருமி இல்லாமலே இதயம் புண்படலாம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

உடம்பு ஏன் தன்னையே அடிக்கிறது? நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. டி செல்கள் அங்கேதான் பாடம் படிக்கின்றன. உடம்பின் சொந்தப் புரதங்களை அங்கே காட்டுவார்கள். அவற்றின் மேல் பாய்கிற செல்கள் அழிக்கப்படும். இதய மயோசினில் ஆல்ஃபா என்ற வகை மட்டும் அந்தப் பாடத்தில் இல்லை. அதனால் அதைத் தாக்கக்கூடிய செல்கள் தப்பித்து எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் சுற்றுகின்றன. மயோசின் தசைச் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் வரை தொல்லை இல்லை. வைரஸ் அந்தச் செல்லை உடைத்ததும் மயோசின் வெளியே கொட்டுகிறது. வைரஸைத் தேடி வந்த படை அதையும் எதிரி என்று எடுத்துக்கொள்கிறது.

புற்றுநோய் மருத்துவத்திலும் இதே கதை தெரிந்தது. டி செல்களின் கடிவாளத்தை அவிழ்த்துவிடும் மருந்துகள் பல உயிர்களைக் காத்திருக்கின்றன. அதே மருந்துகள் மிகச் சிலருக்குக் கடுமையான இதயத் தசை அழற்சியைக் கொடுத்தன. 2016இல் இரண்டு நோயாளிகளின் மரணம் மருத்துவ இதழில் வெளியான பிறகு உலகமே விழித்துக்கொண்டது.

அப்படியானால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அது ஆபத்து. வைரஸ் இன்னும் உள்ளே இருக்கும்போது படையைக் கட்டிப்போட்டால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்ததில் பலன் தெரியவில்லை. 2009இல் இத்தாலியில் இதயத்திலிருந்து துளித் தசை எடுத்து, வைரஸ் இல்லை என்று உறுதியானவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். பெரும்பாலானோரின் இதயம் தேறியது. ராட்சதச் செல் அழற்சி என்ற அரிய, கொடிய வகையில் இந்த மருந்துகளே உயிரைக் காக்கின்றன.

வெளியிலிருந்து பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் உண்டு. 1997இல் சரவாக்கில் கை, கால், வாய் நோய் பரவிக் குழந்தைகள் திடீரென இறந்தபோது இதயத் தசை அழற்சி என்றே முதலில் சந்தேகித்தார்கள். அதே ஆண்டு தீபகற்பத்தில் இறந்த குழந்தைகளின் உடலை ஆராய்ந்தபோது அழற்சி இருந்த இடம் மூளைத்தண்டு. இதயம் திணறியது உண்மை. அடி விழுந்தது வேறிடத்தில்.

பலருக்கு இதயத் தசை அழற்சி ஓய்விலேயே குணமாகிவிடும். சிலருக்கு இதயம் விரிந்து தளர்ந்துவிடும். அழற்சி இருக்கும்போது ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதம் கடும் விளையாட்டு வேண்டாம் என்பார்கள். காய்ச்சல் விட்ட மறுநாளே ஃபுட்சால் ஆடக் கிளம்பும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

காய்ச்சல் போன சில வாரங்களுக்குள் நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, படபடப்பு, மயக்கம் வந்தால் தைலத்தைத் தேய்த்துவிட்டுப் படுக்காதீர்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் 999ஐ அழையுங்கள். இசிஜியும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் முதல் துப்பைக் கொடுத்துவிடும். நெஞ்சு வலியைச் சொல்லும்போது, முன்பு வந்து போன காய்ச்சலையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.