இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தச்சோகை

இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தச்சோகை என்பது உடலில் இரும்புச்சத்துப் போதாமையால் குருதியில் ஈமோகுளோபினின் அளவு குறைந்துவிடும் நிலையைக் குறிக்கும். குருதிச்சோகை எனவும் வழங்கப்படும் இரத்தச்சோகையின் வகைகளுள் மிகப் பரவலானது இதுவே. வளரும் குழந்தைகள், பூப்பெய்திய பெண்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இதனைத் தடுப்பதில் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும், உணவில் எவ்வளவு இரும்பு உள்ளது என்பதைவிட, அதில் எவ்வளவு உடலில் சேர்கிறது என்பதே முதன்மையானது.

உடலில் இரும்பின் பங்கு

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் வரை இரும்பு உண்டு. இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செங்குருதியணுக்களின் ஈமோகுளோபினில் உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி கல்லீரல், எலும்பு மச்சை முதலியவற்றில் சேமிக்கப்படுகிறது. நுரையீரலிலிருந்து உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் ஆக்சிசனைக் கொண்டு செல்வது ஈமோகுளோபினே ஆகும்.

முதிர்ந்த செங்குருதியணுக்கள் அழியும்போது வெளிப்படும் இரும்பை உடல் மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே நாள்தோறும் இழக்கப்படும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. உணவிலிருந்து ஈடுசெய்யப்படுவதும் அவ்வளவே. மாதவிடாய்க் குருதியிழப்பால் பெண்களின் தேவை ஆண்களினதைவிடக் கூடுதலாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி நாளொன்றுக்கு ஆண்களுக்கு 19 மில்லிகிராமும், பெண்களுக்கு 29 மில்லிகிராமும், கருவுற்ற பெண்களுக்கு 27 மில்லிகிராமும் உணவில் இருத்தல் வேண்டும். தானியம் மிகுந்த உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உட்கவரப்படுவதால் இவ்வளவு தேவைப்படுகிறது.

அறிகுறிகளும் விளைவுகளும்

களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல், படபடப்பு, கண்ணிமையின் உட்புறமும் நகங்களும் வெளிறுதல் ஆகியன பொதுவான அறிகுறிகள். சிலருக்கு மண், சாம்பல், அரிசி போன்றவற்றைத் தின்னும் வேட்கை தோன்றுவதுண்டு. குறைபாடு மெல்ல வளர்வதால் பலர் இதனை நோயெனவே உணர்வதில்லை.

கருவுற்ற பெண்களில் கடுமையான இரத்தச்சோகை, மகப்பேற்றின்போது ஏற்படும் குருதிப்போக்கை உயிருக்கு ஆபத்தானதாக்குகிறது. குறைந்த எடையுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. சிறு குழந்தைகளில் இக்குறைபாடு கற்றல் திறனைப் பாதிக்கக்கூடும்.

உணவில் இரும்பு

உணவிலுள்ள இரும்பு இருவகைப்படும். இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றில் ஒரு பகுதி ஈம் இரும்பாக உள்ளது. இது எளிதில் உட்கவரப்படும். தானியம், பருப்பு, கீரை முதலியவற்றில் உள்ளது ஈம் அல்லாத இரும்பு. இது உடன் உண்ணும் பொருள்களைப் பொறுத்துக் கூடியோ குறைந்தோ சேரும்.

100 கிராம் கொள்ளில் 8 மில்லிகிராமுக்கு மேலும், கம்பில் ஏறத்தாழ 6 மில்லிகிராமும், கேழ்வரகு (குரக்கன்), முருங்கைக்கீரை ஆகியவற்றில் 4 முதல் 5 மில்லிகிராம் வரையும் இரும்பு உள்ளது.

உட்கவர்தலைக் கூட்டுவன:

- உயிர்ச்சத்து சி. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, தோடம்பழம் (ஆரஞ்சு) ஆகியவற்றை உணவுடன் சேர்த்துக்கொள்ளலாம். வெப்பத்தால் இச்சத்து அழிவதால், சமைத்து இறக்கிய பின்னரே எலுமிச்சைச் சாற்றைப் பிழிதல் நன்று.
- சிறிதளவு இறைச்சி அல்லது மீன். இவை உடன் உண்ணும் தாவர உணவிலுள்ள இரும்பின் உட்கவர்தலையும் கூட்டுகின்றன.
- ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல். இவை தானியங்களிலும் பருப்புகளிலும் இரும்பைப் பிணைத்து வைக்கும் பைட்டேட்டைக் குறைக்கின்றன.
- இரும்புச் சட்டியில் புளிப்பான குழம்பைச் சமைத்தல். இதனால் உணவிலுள்ள இரும்பின் அளவே கூடுகிறது.

உட்கவர்தலைக் குறைப்பன:

- தேநீர், காப்பி. உணவுடன் அருந்தும் தேநீர், ஈம் அல்லாத இரும்பின் உட்கவர்தலைப் பாதிக்கு மேல் குறைக்கக்கூடும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுதல் வேண்டும்.
- பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள்.

தவறான கருத்துகள்

செந்நிறக் காய்கனிகள் குருதியைப் பெருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 100 கிராம் பீட்ரூட்டில் உள்ள இரும்பு 0.8 மில்லிகிராம் அளவே, மாதுளையில் 0.3 மில்லிகிராம் அளவே. அவற்றின் நிறம் தாவர நிறமிகளால் ஏற்படுவது. அதற்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. பாலிலும் இரும்பு மிகக் குறைவு. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குப் பிறப்பின்போது இருந்த இரும்புச் சேமிப்பு குறைந்துவிடுவதால், தாய்ப்பாலுடன் இரும்புச்சத்துள்ள துணை உணவும் தேவை.

உணவின் வரம்பு

குறைபாடு ஏற்பட்ட பின்னர் உணவு மட்டும் போதுமானதன்று. 50 கிலோகிராம் எடையுள்ள பெண்ணின் உடலில் ஏறத்தாழ 3.3 லிட்டர் குருதி இருக்கும். அவருடைய ஈமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8 கிராமிலிருந்து 12 கிராமாக உயர, ஏறத்தாழ 130 கிராம் ஈமோகுளோபின் புதிதாக உருவாக வேண்டும். அதற்கு ஏறக்குறைய 450 மில்லிகிராம் இரும்பு தேவை. அன்றாட இழப்புக்கு மேலாக நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் கூடுதலாகச் சேர்ந்தாலும் இதற்கு ஓராண்டுக்கு மேலாகும். வற்றிய சேமிப்பு நிரம்புவதற்கு மேலும் இரும்பு தேவைப்படும். எனவேதான் மருத்துவர்கள் இரும்பு மாத்திரைகளைப் பரிந்துரைக்கின்றனர்.

மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ உட்கொள்ளுதல் கூடாது. மலம் கருமையாதல் இயல்பானதே. ஈமோகுளோபின் இயல்பு நிலையை அடைந்த பின்னும் சேமிப்பு நிரம்புவதற்காக மாத்திரையைச் சில மாதங்கள் தொடர்வது வழக்கம். களைப்பு நீங்கியதும் பலர் இதனை நிறுத்திவிடுவதால் குறைபாடு மீள்கிறது.

பிற காரணங்கள்

கொக்கிப்புழுத் தொற்று, மிகையான மாதவிடாய், குடற்புண் முதலியவற்றால் ஏற்படும் குருதியிழப்பு தொடருமாயின் உணவும் மாத்திரையும் முழுப் பயன் தரா. ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் இக்குறைபாடு காணப்பட்டால், செரிமானப் பாதையில் குருதிக்கசிவு உள்ளதா எனக் கண்டறிதல் வேண்டும். தலசீமியா, உயிர்ச்சத்து பி12 குறைபாடு ஆகியவற்றாலும் இரத்தச்சோகை உண்டாவதால், குருதிப் பரிசோதனையின்றித் தாமாகவே இரும்பு மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ளுதல் தகாது.

இந்தியாவில் பரவல்

2019-21 இல் நடத்தப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 25 விழுக்காட்டினரும் இரத்தச்சோகை உடையவர்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் இது 53.4 விழுக்காடு ஆகும். இவை எல்லா வகை இரத்தச்சோகைகளையும் உள்ளடக்கிய எண்ணிக்கைகள். 2018 இல் தொடங்கப்பட்ட அனீமியா முக்த் பாரத் திட்டம், கருவுற்ற பெண்களுக்கு நான்காம் மாதம் முதல் 180 நாள்களுக்கு, நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை வழங்க வகைசெய்தது.