மூன்று மேற்கோள் குறி போட்டால் விளக்கம் தானாக வருமா?

பைத்தானில் ஒரு ஃபங்ஷனை எழுதினால், அதற்கான விளக்கத்தை எடிட்டரே எழுதித் தந்துவிடும் என்று கேள்விப்பட்டவர்கள் கேட்கும் சந்தேகங்கள் இவை.

எடிட்டர் உண்மையில் எதை எழுதுகிறது?

டெஃப் வரிக்குக் கீழே மூன்று இரட்டை மேற்கோள் குறி போட்டு என்டர் தட்டுங்கள். பைசார்மில் இந்த வசதி கூடவே வருகிறது. விஎஸ் கோடில் ஆட்டோடாக்ஸ்ட்ரிங் என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வட்டி கணக்கிடும் ஃபங்ஷன் ஒன்றுக்கு அசல், விகிதம், மாதம் என்று மூன்று உள்ளீடுகள் இருந்தால், மூன்று பெயரும் வரிசையாக வந்து நிற்கும். பெயருக்கு எதிரே உள்ள இடம் காலியாக இருக்கும். அதை நிரப்ப வேண்டியவர் நீங்கள்.

விகிதம் ஃப்ளோட் என்று டைப் ஹின்ட் கொடுத்திருக்கிறேனே, போதாதா?

போதாது. 12 என்று கொடுப்பதா, 0.12 என்று கொடுப்பதா? வங்கியில் விகிதம் என்றால் ஆண்டுக்கு. ஊரில் கைமாற்று வாங்குபவர் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். எதைக் கொடுத்தாலும் பைத்தான் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், பிழைச் செய்தி வராது, தொகை மட்டும் தப்பாக வரும். ‘ஆண்டு வட்டி, சதவீதத்தில்’ என்று நீங்கள் எழுதும் அந்த இரண்டு மூன்று சொல்தான் அடுத்து வருபவரைக் காப்பாற்றும்.

ஏஐ உதவியாளர் அதையும் எழுதிவிடாதா?

வாக்கியங்களை எழுதும். ஆனால் அதன் கண்ணுக்குத் தெரிவது நிரல் செய்யும் வேலை; நீங்கள் மனதில் வைத்திருந்த வேலை அல்ல. கணக்கில் பிழை இருந்தால் அந்தப் பிழையையே முறையான நடைமுறை போல விவரித்துவிடக்கூடும். படித்துப் பார்க்காமல் சேமிக்காதீர்கள்.

சாதாரண கமென்ட் எழுதினால் என்ன குறை?

கமென்ட் நிரல் ஓடும்போது இருக்காது. மூன்று மேற்கோள் குறிக்குள் எழுதும் விளக்கம், அதாவது டாக்ஸ்ட்ரிங், ஃபங்ஷனுடனேயே ஒட்டியிருக்கும். ஹெல்ப் என்று கேட்டால் திரையில் வரும். அதை எப்படி எழுதுவது என்பதற்கு 2001-இல் வந்த பெப் 257 என்ற நெறிமுறை உண்டு. ஸ்பிங்க்ஸ் என்ற கருவி இவற்றைத் திரட்டி இணையப் பக்கங்களாகவே ஆக்கித் தரும். ஒரு எச்சரிக்கை: அதிலுள்ள ஆட்டோடாக் உங்கள் கோப்பை இம்போர்ட் செய்துதான் படிக்கிறது. மின்னஞ்சல் அனுப்பும் வரி எந்த ஃபங்ஷனுக்குள்ளும் அடங்காமல் வெளியே கிடந்தால், விளக்கப் பக்கம் தயாராகும் நேரத்தில் மின்னஞ்சலும் போய்விடும்.

நிரலை மாற்றினால் விளக்கமும் மாறுமா?

மாறாது. பழைய விளக்கம் அப்படியே நின்று ஆளைத் தவறான வழியில் அனுப்பும். இதற்கு டாக்டெஸ்ட் என்ற கருவி நல்ல காவல். 10,000 ரூபாய்க்கு 12 சதவீதத்தில் 6 மாத வட்டி 600.0 என்ற எடுத்துக்காட்டை டாக்ஸ்ட்ரிங்குக்குள்ளேயே எழுதி வையுங்கள். டாக்டெஸ்ட் அதை ஓட்டிப் பார்க்கும். விடை வேறாக வந்தால் எந்த வரி என்று காட்டிக் கொடுக்கும்.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக. பைத்தான் 3 தமிழ் எழுத்தை அப்படியே ஏற்கிறது. உடன் வேலை செய்பவர்கள் தமிழ் படிப்பவர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.