பாட்டு எப்படா வரும்?

1986. குன்னூரில் மூணு பிரம்மச்சாரிகள். ஒரே ரூம், ஒரே மங்கி குல்லா (யாருக்கு ஜலதோஷமோ அன்றைக்கு அவனுக்கு), ஒரு டூ-இன்-ஒன். கோயமுத்தூர் போய்த் திரும்பிய நான், பெருமையாக ஒரு கேஸட்டைச் சொருகினேன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'

முதலில் வயலின். கொஞ்ச நேரத்தில் வயலின் கூட்டம். ஐந்து நிமிஷம் பொறுமையாக இருந்த ரூம்மேட் கேட்டான்:

"பாட்டு எப்படா வரும்?"

"இதான்டா பாட்டு."

"சரி... எந்தப் படம்?"

"படமே இல்லை."

"படமே இல்லாம எதுக்குடா இவ்வளவு பில்ட்-அப்?"

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான். முதல் விமர்சனம்!

மேற்கத்திய சங்கீதத்தில் கான்செர்ட்டோ என்று ஒரு சமாசாரம் உண்டு. தனி வாத்தியம் ஒரு பக்கம், முழு ஆர்க்கெஸ்ட்ரா இன்னொரு பக்கம். சண்டையும் போடுவார்கள், சமாதானமும் ஆவார்கள். புரியவில்லையா? எங்க ஊர் மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் இன்ஜின் பின்னால் நின்றுதான் தள்ளும். முன்பெட்டி ஜம்மென்று மலை ஏறும். அந்த முன்பெட்டிதான் தனி வயலின்.

ராஜாவின் கேஸட்டை இலக்கண சுத்தமான கான்செர்ட்டோ என்று சொல்ல முடியாது. தனித்தனியாகப் பத்து உருப்படிகள். ஆனால், வி.எஸ்.நரசிம்மனின் வயலின் முன்னே போக, மற்ற வயலின்கள் பின்னாலிருந்து தள்ளும் அழகு அதில் நிறையவே இருந்தது. சமர்ப்பணம், தியாகராஜருக்கும் பாக்குக்கும். (வெற்றிலைக்குத் துணை போகிற பாக்கு இல்லை சார், ஜெர்மனிக்காரர் ஜே.எஸ்.பாக்!) அந்த பாக் 1720-ல் தன் கையால் படி எடுத்து வைத்த தனி வயலின் உருப்படிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ராஜா விளையாடியிருப்பார். பண்ணைப்புரத்துக்காரர் வீட்டுக்கு பாக் வந்தாராம்! அந்தத் தைரியத்துக்கே கேஸட் காசு தகும் என்று எனக்குப் பட்டது.

ஆபீஸில் ஹெட்கிளார்க்குக்குப் போட்டுக் காட்டினேன். கர்நாடக சங்கீதப் பைத்தியம். "மிருதங்கம் சரி. நடுவுல எதுக்கு ஓய் இத்தனை வயலின்? கல்யாண ஊர்வலமா?" என்றார். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் ஒரு பெரியவரோ, "பாக் பாட்டுக்கு நிம்மதியாத் தூங்கறார், அவரை ஏன் எழுப்பறீங்க?" என்றார். அவருக்கு பாக்கோடு ஒப்பீடு, இவருக்குத் தியாகராஜரோடு. அதே கேஸட்டில் ஓர் உருப்படிக்குப் பெயர் 'டோன்ட் கம்பேர்'. மனுஷர் முன்ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்கிறார்!

சும்மா சொல்லக் கூடாது, 'மேட் மாட் மூட் ஃபியூக்' எனக்கே இன்று வரை முழுசாகப் பிடிபடவில்லை.

டீ பாக்டரியில் எனக்கு ராத்திரி டியூட்டி வரும். மேலே கொழுந்து வாடிக்கொண்டிருக்கும். விடிய விடிய ஃபேன் இரைச்சல். தூக்கம் வராமலிருக்க கேஸட் போடுவேன். வாட்ச்மேன் பெரியவர் வாசலில் குந்தியபடி கேட்பார். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர். அங்கே பிறந்து அங்கேயே கொழுந்து பறித்த குடும்பம். தங்கச்சி மட்டும் அக்கரையிலேயே தங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் ராத்திரி, "தம்பி, நடுவுல ஒண்ணு வருமே, அதை மறுபடி போடுங்க" என்றார். பென்சிலால் நாடாவைச் சுற்றிச் சுற்றிப் போட்டேன்.

"இதுக்கு என்னா பேரு?"

"யூ கேனாட் பி ஃப்ரீ. நீ விடுதலையாக முடியாதுன்னு அர்த்தம் பெரியவரே."

பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். "அது எனக்குத் தெரியுமே தம்பி..." என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

படமில்லை, பாட்டில்லை, பெயர்கூடத் தெரியாது. ஆனால் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. ஹெட்கிளார்க்கிடம் மறுபடி நான் வாதாடப் போகவேயில்லை.

1988-ல் பாலு மகேந்திராவின் 'வீடு' வந்தது. கேத்தி ஸ்டேஷனில் 'மூன்றாம் பிறை' கமலைக் குட்டிக்கரணம் போடவைத்து நம்மை அழவைத்தாரே, அதே பாலு மகேந்திராதான். இந்தக் கேஸட்டின் இசையையே அவர் 'வீடு' படத்துக்குப் பின்னணி ஆக்கியிருந்தார். ரூம்மேட் ஓடி வந்தான். "டேய், உன் கேஸட்டு! எந்தப் படம்னு கேட்டேனே, அன்னிக்கே 'வீடு'ன்னு சொல்லியிருக்கலாம்ல?"

2025 மார்ச் 8. லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. நாலு பகுதி. நாலும் முடிந்த பிறகுதான் கை தட்ட வேண்டும் என்பது அங்கே சம்பிரதாயம். ஆனால் நம் ஜனங்கள் முதல் பகுதி முடிந்ததுமே தட்டிவிட்டார்களாம். சென்னை திரும்பியதும் ராஜாவே சொன்னார்.

அன்று ராத்திரி ரூம்மேட்டிடமிருந்து போன். ரிட்டையராகி ஊரில் இருக்கிறான்.

"நல்லவேளைடா, நான் போகலை."

"ஏன்டா?"

"பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட பாட்டு எப்ப வரும்னு கேட்டிருப்பேன்!"