கையோடு போகும் கல்வி

திருவண்ணாமலையில் கிரிவலம் வரும் அன்பர்கள் மலையின் மேற்புறத்தே அடி அண்ணாமலைக் கோயிலில் சற்றே தங்கித் தரிசித்துப் போவது வழக்கம். கீழ்ப்புறத்தே பெரிய கோயிலின் ராஜகோபுரம் 11 நிலைகளோடு 217 அடி ஓங்கி நிற்கிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அப்பணியைத் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்தார். கட்டுவித்த அரசர்களின் பெயர் நிலைத்தது. கல்லை ஏற்றிய கைகளின் யுக்தியோ பெரும்பாலும் அக்கைகளோடு போயிற்று.

சாஸ்திரம் இல்லையா என்று கேட்கலாம். மயமதமும் மானசாரமும் அச்சேறியுள்ளன. ஆனால், உளியால் தட்டி எழும் நாதத்தைக் கொண்டு கல்லின் குணத்தை அறியும் வித்தையை எந்த ஏடும் காதுக்குப் புகட்டாது. ஸ்தபதியைக் கேட்டால் வாயால் சொல்ல அறியார். வேலையைக் கொடுத்தால் செய்து காட்டுவார்.

இதே சங்கடம் மேனாட்டு எஞ்சினீயர்களுக்கும் உண்டு. ஸ்காத்லாந்து தேசத்தில் எடின்பரோ நகரத்து ஹெரியட்-வாட் சர்வகலாசாலையார் இதற்கு ஓர் உபாயம் தேடினர். எஞ்சினீயர் கண்களை மூடும் கருவியொன்றை அணிகிறார். கணினி படைத்த மாயவெளியில், மெய்யான யந்திரத்தின் முன் நிற்பவர் போலவே, மின்கம்பிகளை இழுத்துப் பொருத்துகிறார். மெய்ந்நிகர்க் காட்சி என்பது இதுவே. அவரிடம் யாரும் கேள்வி கேட்டு வேலையைக் கெடுப்பதில்லை. எங்கே நோக்கினார், எதை முதலில் எடுத்தார், எதை வைத்துப் பின் மாற்றினார் என்பதனைத்தையும் கணினி மௌனமாய்க் குறித்துக்கொள்கிறது. அக்குறிப்பிலிருந்து வேலையின் முறையும் அதன் காரணமும் புலப்படுகின்றன.

இது நமக்கு எட்டாத வித்தையன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் இத்துறையில் ஆராய்ச்சி நடக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-இல் தோன்றிய சிற்பக் கல்லூரி இருக்கிறது. அதனை வைத்தியநாத ஸ்தபதி முதலில் நடத்தினார். பின்னர் அவர் புதல்வர் கணபதி ஸ்தபதி நடத்தினார். குமரிமுனையில் 133 அடி வள்ளுவர் சிலையை அமைத்தவர் இவரே. 2011-இல் அவரும் காலமானார். தந்தையிடம் மைந்தன் கற்ற சங்கிலி எந்நாளும் அறாது என்று யார் உறுதி கூறுவர்?

எனினும் யந்திரத்தின் எல்லையை மறக்கலாகாது. கோபுரத்தின் அளவையும், கல் அடுக்கும் வரிசையையும் அது பதியும். கல்லின் பாரத்தையும் உளி கையில் அதிரும் அதிர்ச்சியையும் இன்னும் செவ்வையாய்ப் பதிய அதனால் இயலாது. ஆதலின் அது குருவுக்குத் துணையேயன்றிக் குருவாகாது.

இன்னொன்று நீதியைப் பற்றியது. தொழிலாளியின் வித்தையைப் பதிந்துகொண்டு தொழிலாளியைத் தள்ளிவிடுவது உலகில் புதிதன்று. 1999-ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டம் சரக்கின் பெயரைக் காக்கும். கையின் வித்தையைக் காவாது. ஆகவே ஸ்தபதியின் சம்மதமின்றி எதையும் பதியலாகாது. பதிவில் அவர் பெயர் விளங்க வேண்டும். அதனால் வரும் ஊதியத்தில் அவருக்குப் பங்கு வேண்டும்.

கோயில் திருப்பணிகளை நடத்துவது அறநிலையத் துறை. திருப்பணிச் செலவில் ஒரு சிறு பகுதியை இப்பதிவுக்கும், ஸ்தபதியிடம் பயிலும் இளைஞரின் உதவிச் சம்பளத்துக்கும் ஒதுக்கும்படி தேசத் தொண்டர்கள் கேட்க வேண்டும். கோபுரத்தில் ஒரு கல் பெயர்ந்தால் ஊரே பதறுகிறது. அக்கல்லை மீண்டும் வைக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் மறையும்போதும் அப்படியே பதற நாம் கற்கவேண்டாமா?