ரிப்போர்ட்டில் 1:8 என்றால் என்ன?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2026 மார்ச் 31 வரைக்கானது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழிப்பது அதன் இலக்குகளில் ஒன்று. ஒழிப்பு என்றால் இனி ஒரு குழந்தைக்கும் வராது என்று நினைத்துவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 1 லட்சம் பிறப்புக்குப் பிறவி சிபிலிஸ் 50-ஐத் தாண்டாதிருந்தால் ஒழிப்புக்கான நிபந்தனைகளில் ஒன்று நிறைவேறியதாக அர்த்தம். இதற்கிடையே வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி: ‘வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ், டி.பி.எச்.ஏ. நான்-ரியாக்டிவ். எதை நம்புவது?’

இரண்டுமே சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனைகள். டி.பி.எச்.ஏ. தேடுவது சிபிலிஸ் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியை. வி.டி.ஆர்.எல்.லும் அதே வகையான ஆர்.பி.ஆரும் கிருமியின் பக்கமே போவதில்லை. கார்டியோலிப்பின் என்ற கொழுப்புக்கு எதிரான ஆன்டிபாடியைத்தான் பிடிக்கின்றன. சோதனைக்கான அந்தக் கொழுப்பு மாட்டு இதயத்திலிருந்து எடுக்கப்பட்டது! மலேரியா, தொழுநோய், லூபஸ், சில நேரம் வெறும் கர்ப்பம்கூட இந்த ஆன்டிபாடியை உண்டாக்கிவிடும். கடிதக்காரர்களில் பலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். அபூர்வமாக, மிக ஆரம்ப நோயாகவும் இருக்கலாம். டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னால் தட்டாதீர்கள்.

எனக்கு உறுத்துவது இதன் மறுபக்கம். ஆன்டிபாடி மிதமிஞ்சிப் போனாலும் வி.டி.ஆர்.எல். ஏமாற்றும். கண்ணாடித் தகட்டில் சீரத்தோடு ஆன்டிஜென் சொட்டைக் கலந்து சுழற்றினால் துகள்கள் திரள வேண்டும். ஓர் ஆன்டிபாடி இரு துகள்களுக்குப் பாலம் போட்டால்தான் திரட்சி. ஆன்டிபாடிகள் மொய்த்துக்கொண்டால் ஒவ்வொரு துகளும் தனித்தனியே மூடப்பட்டுவிடும். விளைவு, நோய் வீரியமாக இருக்கும் இரண்டாம் நிலையில் ‘நான்-ரியாக்டிவ்’ என்று சீட்டு வரலாம். அதே சீரத்தை உப்புநீரில் நீர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஆனால் ‘இல்லை’ என்று வந்த சீரத்தை, கூட்டம் நெரியும் லேபில் யார் நீர்த்துப் பார்ப்பார்கள்? எத்தனை சதவீதம் பேருக்குப் பரிசோதனை முடிந்தது என்று அறிவிப்பவர்கள், ‘இல்லை’ என்று வந்தவற்றை நீர்த்துப் பார்த்தார்களா என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வி.டி.ஆர்.எல். ரிப்போர்ட்டில் 1:8 என்பது, 8 மடங்கு நீர்த்தும் திரண்டது என்று பொருள். சிகிச்சைக்குப் பின் 1:32 என்பது 1:8-க்கு இறங்கினால் மருந்து கேட்கிறது. டி.பி.எச்.ஏ.வில் இதைப் பார்க்க முடியாது. குணமானாலும் பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் ரியாக்டிவ்தான்.

விரல்நுனி கார்டு டெஸ்ட்? பெரும்பாலும் டி.பி.எச்.ஏ. இனம்; எப்போதோ வந்து குணமானதையும் காட்டும்.

சிபிலிஸ் என்று சந்தேகிக்கும் புண் வந்த மறுநாளே எடுக்கலாமா? எடுக்கலாம், ‘இல்லை’ என்று வந்தால் சில வாரம் கழித்து மறுபடி.

கர்ப்பிணிக்கு மருந்து? பென்சாதைன் பென்சிலின் ஊசி.

கணவருக்கும் டெஸ்ட் வேண்டுமா? கட்டாயம்.