தூரத்திலிருந்து இறைப்பு மோட்டாரை இயக்கும் செயலி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

பாலாற்றுப் படுகையில், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில், இரு கிணறுகள் உடைய குடியானவர்கள் உண்டு. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் ஊறியதால் ஒன்று உவர்ப்பாகவும் மற்றொன்று பயிருக்கேற்றதாகவும் இருப்பது இப்பக்கத்தில் புதிதன்று. இக்கேட்டைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 இல் தீர்ப்பளித்தது யாவரும் அறிந்ததே. ஆயினும் மண்ணில் இறங்கிய உப்பு எளிதில் அகல்வதில்லை. இத்தகைய இடத்தில் வீட்டிலிருந்தபடியே மோட்டாரை இயக்குபவர் கிணறு மாறி அழுத்திவிட்டால் நாற்றங்கால் கெட்டுப்போம்.

கைபேசியால் மோட்டாரை இயக்கும் முறை நம் நாட்டுக்குப் பழையதே. புனாவைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்பார் அமைத்த ‘நானோ கணேஷ்’ சாதாரணப் பொத்தான் கைபேசியாலேயே இயங்கியது. தமிழகத்திலும் இவ்வகைக் கருவிகளுக்கு அரசு மானியம் வழங்கியுள்ளது. ஸ்டார்ட்டருடன் இணைந்த பெட்டியில் ஒரு சிம் அட்டை இருக்கும். அதன் வாயிலாக ஆணை போகும், நிலை திரும்பி வரும்.

ஒரே மோட்டாரைத் தகப்பனார் சிறு கைபேசியிலும், பட்டணத்திலுள்ள மகன் கணிப்பொறியிலும், பண்ணையாள் பொத்தான் கைபேசியிலும் இயக்கக்கூடும். திரையின் அகலத்தை அறிந்து பக்கம் தானே தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் முறையை ஈதன் மார்கோட் என்னும் அமெரிக்கர் 2010 இல் விளக்கி எழுதினார். அகன்ற திரையில் பக்கம் பக்கமாக நிற்கும் இரு கிணறுகளும் குறுகிய திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரவேண்டும். பெயர்களோ நறுக்கப்படலாகாது. ‘ஆற்றங்கரை மேற்குக் கிணறு’, ‘ஆற்றங்கரைக் கிழக்குக் கிணறு’ இரண்டும் ‘ஆற்றங்கரை’ என்றே நின்றுவிட்டால் யார் கண்டறிவார்? நிறவேறுபாடு மட்டும் போதாது; உச்சிவெயிலில் பச்சையும் சிவப்பும் ஒன்றுபோல் மங்கும்.

இதனினும் முக்கியமானது, திரை உண்மை சொல்கிறதா என்பது. ‘ஆணை அனுப்பப்பட்டது’ என்பது வேறு. ‘மோட்டார் ஓடுகிறது’ என்பது வேறு. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைப் பெட்டி அளந்து செய்தி அனுப்பிய பின்னரே இரண்டாவது வாசகம் தோன்றவேண்டும். அலைத்தொடர்பு அறுந்தால், கடைசிச் செய்தி வந்த நேரத்தைத் திரை காட்டவேண்டும். மகன் நிறுத்தியது தகப்பனாரின் கைபேசியிலும் தெரியவேண்டும். இல்லையேல் அவர் மறுபடி ஓட்டுவார். பொத்தான் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போனால் போதும். கிணறு வற்றினாலோ மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை இழந்தாலோ மோட்டாரை நிறுத்தும் காவல் பெட்டியினுள்ளேயே இருத்தல் அவசியம். கைபேசியை நம்பியிருத்தல் கூடாது.

கடையில் காட்டப்படும் பெரிய கைபேசியைக் கண்டு மயங்கவேண்டாம். அதில் எல்லாம் அழகாகவே தோன்றும். வீட்டிலுள்ள பழைய கைபேசியில், எழுத்தைப் பெரிதாக்கி, நண்பகலில் வயலில் நின்று பாருங்கள். ஒருவரைக் கிணற்றடியில் நிறுத்தி மோட்டாரை ஓட்டுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லி, திரை எத்தனை நிமிஷம் ‘ஓடுகிறது’ என்றே காட்டுகிறதெனக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போன ஆளின் எண்ணை அன்றே பட்டியலிலிருந்து நீக்கிவிடவும்.